கொடி நாளும் கோல்ஃப் ஆட்டமும்

தமிழ்நாட்டுக்கு வெளியே அலுவல் பார்க்கும் நம்மவருள் பலருக்கு டிசம்பர் மாதம் 7-ஆம் நாள் ஒரு சிறு காகிதக் கொடியின் வடிவில் வந்து சேருகிறது. அலுவலகப் பணியாளர் ஒருவர் ஒரு கையில் உண்டியலும் மறு கையில் கொடிக் கட்டுமாக மேசை மேசையாக வருகிறார். நாமும் பையில் அகப்பட்டதை எடுத்து இடுகிறோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்னும் மூன்று பட்டைகள் கொண்ட கொடி சட்டையில் குத்தப்படுகிறது. சிவப்பு தரைப்படையையும், கருநீலம் கடற்படையையும், வெளிர்நீலம் வான்படையையும் குறிப்பன. மாலையில் பேருந்து நெரிசலில் அக்கொடி எங்கோ உதிர்ந்து போகிறது. உண்டியலில் இட்ட பணம் எங்கே போயிற்று, எவர் கைக்குப் போயிற்று என்று நாம் கேட்பதில்லை. கேட்கத் தகுந்த கேள்விதான் அது. நம்மவருள்ளேயே அப்பணத்துக்கு உரியவர் சிலர் இருந்தும் அதை அறியாமல் காலம் கழிக்கிறார்கள் என்பதைக் கண்ட பிறகே நாமும் இதைப்பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

இதே நோக்கத்துக்காகப் பணம் திரட்டும் வேறொரு முறையும் உண்டு. அது கோல்ஃப் மைதானத்தில் நடைபெறுவது. தில்லி, பெங்களூரு, புனே போன்ற நகரங்களில் வாழ்வோர் குளிர்காலத்து விடுமுறை நாட்களில் இத்தகைய பந்தயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். கெட்டியான சிறு பந்தொன்றை நீண்ட கோலால் அடித்து, பரந்த புல்வெளியில் ஆங்காங்கே அமைந்த 18 குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்வது கோல்ஃப் ஆட்டம். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். ஸ்காத்லாந்து நாட்டில் வளர்ந்த இவ்வாட்டம் நமக்கு அவ்வளவு புதியதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. அன்று தொட்டுக் கண்டோன்மெண்டு என்று சொல்லப்படும் படை முகாம் உள்ள ஊர்களில் எல்லாம் கோல்ஃப் மைதானமும் சேர்ந்தே வளர்ந்தது. நீலகிரியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடமாகிய வெலிங்டனிலும் அப்படியொரு மைதானத்தைக் காணலாம். ஆகவே படைவீரர் நலத்துக்குப் பணம் திரட்டுவதற்குக் கோல்ஃப் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது இயல்பே.

பணம் திரளும் விதம் இதுதான். நால்வர் சேர்ந்த குழுக்களாக ஆட வருவோர் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெருந்தொகை கட்டணமாகச் செலுத்துகிறார்கள். 18 குழிகளுக்கும் 18 வணிக நிறுவனங்கள் தனித்தனியே பொறுப்பேற்றுத் தங்கள் பெயர்ப்பலகையைக் குழியருகே நாட்டிக்கொள்ளக் காசு தருகின்றன. ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் வீழ்த்துபவருக்கு மோட்டார் வண்டி பரிசு என்று அறிவிப்பதும் உண்டு. அப்படி ஒருவர் வீழ்த்திவிட்டால் நன்கொடைக் கணக்கு நொடித்துப் போகாதிருக்க அந்தப் பரிசை முன்கூட்டியே இன்ஷூர் செய்து வைக்கிறார்கள்! இரவு விருந்தில் ஓவியங்களும் கையொப்பமிட்ட மட்டைகளும் ஏலத்துக்கு வருகின்றன. செலவு போக எஞ்சுவது நன்கொடையாகிறது.

அமெரிக்காவில் இம்முறை மிகப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த டான் ரூனி என்பவர் போர் விமானி. கோல்ஃப் ஆட்டத்தையும் தொழிலாகக் கற்றவர். ஈராக் போருக்குச் சென்று வந்தவர். அவர் 2007-இல் ஃபோல்ட்ஸ் ஆஃப் ஆனர் என்னும் அறநிலையத்தைத் தொடங்கினார். போரில் மாண்டவர், ஊனமுற்றவர் ஆகியோரின் மனைவி மக்கள் கல்வி பெறப் பொருளுதவி செய்வதே அதன் பணி. அவ்வாண்டிலேயே, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில், நாட்டிலுள்ள கோல்ஃப் மைதானங்களில் ஆட வரும் ஒவ்வொருவரும் தாம் கட்டும் கட்டணத்தோடு ஒரு டாலராவது கூட்டித் தருமாறு கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். பெரிய பந்தயம், விருந்து, ஏலம் ஆகியவற்றைவிட இந்த ஒரு டாலர் ஏற்பாடே நம் மனத்துக்கு உகந்ததாயிருக்கிறது. பலர் சிறிது சிறிதாகத் தருவது அதில் உண்டு. பிரிட்டனில் 2010-இல் தோன்றிய ஆன் கோர்ஸ் என்னும் அறநிலையம் இன்னும் ஒரு படி மேலே சென்று, காலிழந்த, கையிழந்த வீரர்களுக்கே கோல்ஃப் கற்பித்து, மைதானங்களில் அவர்களுக்கு வேலையும் தேடித் தருகிறது. விருந்தினராக மேடையில் உட்கார வைப்பதைக் காட்டிலும் ஆட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது மேலான மரியாதை அல்லவா?

செல்வர் விளையாட்டு என்று இதை எள்ளி ஒதுக்க நாம் விரும்பவில்லை. எந்த வழியில் வந்தாலும் பணம் பணமே. ஆனால் இத்தகைய விழாக்களில் ஒரு குறை உண்டு. சால்வை போர்த்திக்கொள்ள அழைக்கப்படுபவர் பெரும்பாலும் பதக்கம் பெற்றவராகவோ, உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். உதவி தேவைப்படுபவரோ அழைப்பிதழ் சென்று சேரும் முகவரியில் வசிப்பதில்லை. மரியாதை ஓரிடத்துக்கும் தேவை வேறோரிடத்துக்குமாகப் பிரிந்து போகிறது. காகிதக் கொடியின் வரலாற்றைப் பார்த்தால், இந்தப் பிரிவினையை நீக்கவே அது ஏற்பட்டது என்று தோன்றும்.

முதல் உலகப் போர் 1918-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் முடிவுற்றது. அந்நாளின் நினைவாகச் செந்நிறக் கசகசாப் பூவைத் துணியில் செய்து விற்று, அப்பணத்தை முன்னாள் வீரருக்கு அளிக்கும் வழக்கம் பிரிட்டனில் 1921-இல் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டு நகரங்களிலும் அப்பூ விற்பனையாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் நம் படைவீரரின் நலத்தை நாமே கவனிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் அமைந்த குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடி நாளாகக் கொள்வதென்று முடிவு செய்தது. பூ போய்க் கொடி வந்தது. இன்னாருக்குப் பெரிய கொடி, இன்னாருக்குச் சிறிய கொடி என்ற பேதம் அதில் அவ்வளவாக இல்லை. நாட்டின் தலைவர்கள் சட்டையில் குத்தப்படும் கொடியும் பள்ளிச் சிறுவன் சட்டையில் குத்தப்படும் கொடியும் ஒன்றே.

காலப்போக்கில் படைவீரர் நலத்துக்கென்று பல நிதிகள் தனித்தனியே பெருகின. போரில் தலைவனை இழந்த குடும்பங்களுக்கு ஒன்று, கொடி நாள் வசூலுக்கு ஒன்று, போரில் கண்ணிழந்தவர்க்காக தேராதூனில் இயங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்புக்கு ஒன்று, கூர்க்கா வீரருக்கு ஒன்று என்றவாறு இருந்தவை யாவும் 1993-இல் ஆயுதப்படைக் கொடி நாள் நிதி என்ற ஒரே பெயரில் ஒன்றாக்கப்பட்டன. புது தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் இயங்கும் கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது மத்திய படைவீரர் வாரியம், இதனை நிர்வகிக்கிறது. பாதுகாப்பு அமைச்சரே அதன் தலைவர். அதன் கீழ் மாநிலந்தோறும் ராஜ்ய சைனிக் போர்டும், நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட ஜில்லா சைனிக் போர்டுகளும் உள்ளன. தமிழ்நாட்டில் அதே வேலையை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் செய்து வருகிறது. இன்று உண்டியலோடு கூட இணைய வழியாகவும் பணம் வருகிறது. அலுவலகங்களுக்கு இவ்வளவு தொகை வசூலிக்க வேண்டுமென இலக்கு வைப்பதும் சில இடங்களில் நிகழ்கிறது. இலக்குக்காகத் தரப்படும் காசில் மரியாதை எவ்வளவு என்று கேட்டால், நம் விடை சற்றுக் கசப்பாகவே இருக்கும்.

போர்வீரருக்குப் பென்ஷன் எனப்படும் ஓய்வூதியம் இருக்கிறதே, கொடி விற்று ஏன் உதவ வேண்டும் என்று நேயர் வினவலாம். சிப்பாய், நாயக், ஹவில்தார் முதலிய நிலைகளில் உள்ளோர் சாதாரணமாக ஓய்வூதியம் பெறுவதற்குக் குறைந்தது 15 ஆண்டுகள் பணி செய்திருக்க வேண்டும். படை என்றும் இளமையோடு இருக்க வேண்டுமென்பதால், அவர்களிற் பலர் நாற்பது வயதைச் சுற்றியே விடைபெற்று வருகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு வெளிவருகின்றனர். ஓய்வூதியம் உள்ளவர்கள் வேறு வேலை தேடிப் பிழைத்துக்கொள்கிறார்கள். போர்க்களத்தில் உயிர்நீத்தவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இவ்விரு வகையிலும் சேராதவர் நிலைதான் கடினம். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் எல்லையில் குளிரிலும் மணலிலும் கழித்து, 15 ஆண்டு நிறையுமுன் படைக்குறைப்பு காரணமாகவோ வேறு காரணத்தாலோ விடுவிக்கப்பட்டவர்கள் ஒரு சிறு தொகையோடு ஊர் திரும்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்த 25 இலட்சம் பேரிற் பெரும்பகுதியினர் போர் முடிந்ததும் இவ்வாறே கலைக்கப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்றோர் அவர்களுள் இலட்சக்கணக்கினர். பர்மாக் காட்டில் போரிட்டவர் ஓய்வூதியமின்றி ஊரில் மாடு மேய்த்ததைப் பார்த்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கலாம்.

கொடி நாள் நிதி முதன்மையாக இப்படி விதியின் கோட்டுக்கு வெளியே நின்றவரை நாடிச் செல்கிறது. 65 வயது கடந்து, எங்கிருந்தும் ஓய்வூதியம் பெறாத முன்னாள் வீரர் அல்லது அவருடைய விதவை, ஹவில்தார் நிலைக்கு மேற்படாதவராயின், வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் ஒரு தொகை பெறலாம். நெடுங்காலமாக மாதம் 4,000 ரூபாயாக இருந்த இது, 2025-ஆம் ஆண்டு நவம்பர் முதல் விண்ணப்பிப்போருக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. படிக்கும் குழந்தைகள் இருவர் வரை ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த கல்வி உதவி 2,000 ரூபாயாயிற்று. மகள்கள் இருவர் வரை திருமணத்துக்கும், விதவை மறுமணத்துக்கும் தரப்படும் 50,000 ரூபாய் ஓர் இலட்சமாயிற்று. இவை பெருந்தொகைகள் அல்ல. ஆயினும் மருந்துக் கடையில் கடன் சொல்லாமல் நிற்க 8,000 ரூபாய் போதும்.

நிறுவனங்களுக்கும் இந்நிதி பங்களிக்கிறது. அவற்றுள் புனே நகரையடுத்த கிர்க்கியில் 1974-ஆம் ஆண்டு ஏற்பட்ட முதுகுத்தண்டு ஊனமுற்றோர் நிலையத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லலாம். இதைப் போன்றதொன்று பஞ்சாபில் மொகாலியிலும் உண்டு. குண்டு பாய்ந்தோ, மலைச்சரிவில் வண்டி கவிழ்ந்தோ முதுகுத்தண்டு முறிந்தவருக்கு இடுப்புக்குக் கீழே, சிலருக்குக் கழுத்துக்குக் கீழேயே, உணர்வும் அசைவும் அற்றுப் போகின்றன. உடல் மரத்துப் போனால் வலி தெரியாது. வலி தெரியாததே ஆபத்து. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோல் அழுகிப் படுக்கைப் புண் உண்டாகி, அதுவே உயிரைக் குடிக்கும். ஆகவே இரண்டு மணிக்கு ஒரு முறை ஒருவர் வந்து உடலைப் புரட்டிவிட வேண்டும். இரவும் பகலும், ஞாயிறும் தீபாவளியும், ஆண்டுக்கணக்காகப் புரட்டிவிட வேண்டும். ஒரு குடும்பம் எவ்வளவு அன்புடையதாயினும் இதைத் தனியே செய்து தாங்குவது அரிது. கிர்க்கி நிலையத்தில் இதற்கென ஆட்கள் இருக்கிறார்கள். அங்குள்ளோரிற் சிலர் தூரிகையை வாயில் கவ்வி ஓவியம் தீட்டுகிறார்கள்; கைகள் வழங்குவோர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கூடைப்பந்து ஆடுகிறார்கள்.

இந்நிலையம் தோன்றுமுன்பே காயமுற்ற வீரர் ஒருவரின் பெயரை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. முரளிகாந்த் பேட்கர் என்பவர் படையில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் பல குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உடலைத் தேற்றுவதற்காக நீந்தக் கற்றவர், 1972-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் பந்தயத்தில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். தனி ஒருவராக இந்தியாவுக்கு அத்தகைய தங்கம் பெற்றுத் தந்த முதல்வர் அவரே. நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது 2018-இல். இடையே கடந்த ஆண்டுகள் 46 என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், மரியாதை செய்வதிலும் நாம் விரைந்தவர் அல்லர் என்பது விளங்கும்.

இனி நம்மவர் விஷயத்துக்கு வருவோம். 2024-ஆம் ஆண்டுக் கொடி நாளன்று மாலை, நாம் குடியிருக்கும் தில்லிப் பகுதியிலுள்ள பிள்ளையார் கோயிலில் ஓர் அம்மாளைச் சந்திக்க நேர்ந்தது. வயது எழுபதுக்கு மேல். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர். மகள் வீட்டோடு தங்கியிருக்கிறார். நம் சட்டையிலிருந்த கொடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கள் வீட்டுக்காரரும் பட்டாளத்தில்தான் இருந்தார், தம்பி” என்றார். 1965-ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட லான்ஸ் நாயக் அவர். 15 ஆண்டு நிறையுமுன் விடுவிக்கப்பட்டவர். பிறகு ஊரில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்து மறைந்தவர். ஓய்வூதியம் இல்லை. உதவித் தொகை ஒன்று உண்டென்று நாம் கூறியபோது அவர் முகம் சுருங்கியது. “அவர் இருந்தவரை யாரிடமும் கை நீட்டவில்லையே” என்றார்.

அந்த முகச்சுருக்கத்துக்கு நம் தொழிலும் ஓரளவு பொறுப்பு என்று அன்றிரவு தோன்றியது. இம்மாத உதவிக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘கொடிய வறுமைக்கான மானியம்’ என்று வரும். மொழிபெயர்ப்பாளராகிய நாம் அகராதியைத் திறந்து நேர்ப்பொருளை எடுத்து வைத்துவிட்டுப் போகிறோம். அதைப் படிக்கும் விதவை, தன்னைப் பிச்சைக்காரி என்று அரசாங்கம் அழைப்பதாக எண்ணுகிறாள். ‘முதியோர் ஆதரவுத் தொகை’ என்றால் குடியா முழுகிவிடும்? மறுமுறை அந்த அம்மாளிடம் பேசியபோது இந்தப் பெயரைத்தான் சொன்னோம். அவர் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வந்தார்.

அடுத்த தடை பெயரிலேயே இருந்தது. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்பது வழக்கத்தில் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. படையில் சேரும்போது அதை விரித்து எழுதச் சொல்கிறார்கள். சிலருக்குத் தந்தை பெயர் முன்னும் சிலருக்குப் பின்னுமாகப் பதிவாகிறது. எழுதுபவர் தமிழறியாதவராயின், பச்சையம்மாள் பச்சமா ஆவாள். முனுசாமி மனுஸ்வாமி ஆவான். மனைவி மக்களின் பெயர்கள் படைப்பிரிவின் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அங்கே ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவர் தலையில் விழுகிறது. இந்த அம்மாளுக்கு நேர்ந்தது அதுதான். கணவர் பெயர் சரியாக இருந்தது. அவர் பெயரில் இரண்டு எழுத்துகளைக் காணோம்.

அப்பதிவேடுகள் இருக்குமிடம் இன்னொரு தொல்லை. மாவட்டத் தலைநகரில் அவை இரா. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அதன் தலைமையிடத்தை ஒட்டியே பதிவேட்டு அலுவலகம் அமைந்திருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன்; மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவுக்குப் பெங்களூரு; பீரங்கிப் படைக்கு நாசிக்; சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர்; மின்சார இயந்திரப் பொறியியல் பிரிவுக்குச் செகந்தராபாத். ஊரில் இருப்பவருக்கு இவை தொலைதூரம். ஆனால் வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று பக்கத்து ஊராகவே இருக்கக்கூடும். நாசிக்கிலும் ஜபல்பூரிலும் செகந்தராபாத்திலும் தமிழ்ச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு நாள் விடுப்பெடுத்து, ஊரிலிருந்து வந்த கடிதத்தோடு அந்த அலுவலகத்துப் படியேறினால், கோல்ஃப் பந்தயத்தின் ஒரு குழிக்குப் பெயர்ப்பலகை நாட்டியதைவிட மேலான உதவி அதுவாகும்.

விண்ணப்பத்தை இப்போது கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் ஜில்லா சைனிக் போர்டு மூலப் பத்திரங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புகிறது. டிஸ்சார்ஜ் புத்தகம், போர்டு வழங்கிய முன்னாள் வீரர் அல்லது விதவை அடையாள அட்டை, வயதுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வேறு வருமானமோ ஓய்வூதியமோ இல்லையென்ற சான்று ஆகியவை முக்கியமாக வேண்டியவை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் தம் பதிவைப் புதிய மாவட்டத்துப் போர்டுக்கு மாற்றிக் கேட்கலாம். மத்திய நிதியின் உதவி எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் உண்டு. மாநில அரசுகள் தனியே தரும் உதவிகளோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டு அரசின் உதவி வேண்டுமாயின் சொந்த மாவட்டத்து நல அலுவலகத்தையே நாட வேண்டியிருக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘உங்கள் ஊருக்குப் போங்கள்’ என்று ஓரிடத்திலும் ‘இருக்கும் ஊரில் கேளுங்கள்’ என்று மற்றோரிடத்திலும் சொல்லக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் பலர். ஜில்லா போர்டில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரியே பொறுப்பில் இருப்பார். கணவரின் படை எண்ணையும் பிரிவையும் முதலில் சொல்லிவிட்டால் பேச்சு எளிதாகிறது. அம்மாளோ அந்த எண்ணை ஒரு மந்திரம் போல் மனப்பாடமாக வைத்திருந்தார். ஐம்பதாண்டுகளுக்கு முன் கடித உறையின் மேல் எழுதி எழுதிப் பழகிய எண் அது.

பெயர்த் திருத்தத்துக்கு நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம், ஊர்த் தாசில்தார் சான்று, பழைய ரேஷன் அட்டையின் நகல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டது. அவற்றுள் தமிழில் இருந்தவற்றை இங்கிலீஷில் ஆக்கித் தரும் வேலை நம்முடையதாயிற்று. மகளின் கணவர் இருமுறை ரயில் ஏறி ஊருக்குப் போய் வந்தார். ஒரு கடிதத்துக்குப் பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. வந்த பதிலும் அனுப்பிய பத்திரத்தையே மறுபடி கேட்டது. இறுதியில் திருத்தம் பதிவாகி, 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. தாமதத்தால் நேர்ந்த ஒரே நன்மை, உயர்த்தப்பட்ட தொகைக்கு அவர் உரியவரானதே.

பதிவேட்டு அலுவலகத்திலிருந்து வந்த திருத்தக் கடிதத்தை அம்மாள் நம்மிடம் கொண்டு வந்து படிக்கச் சொன்னார். படித்தோம். தம் பெயர் வரும் இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை மடித்து, டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, மகளோடு கோயிலுக்குப் புறப்பட்டார்.